சோனார் படத்தில் தெரிவது என்ன? கடலடியைக் கணினியில் வரைந்து பார்ப்பது பற்றி

2001ஆம் ஆண்டு, குஜராத்தின் காம்பே வளைகுடாவில் முப்பது நாற்பது மீட்டர் ஆழத்தில் மிகப் பழைய நகரம் ஒன்றின் எச்சங்கள் கிடப்பதாக அறிவிக்கப்பட்டது. சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் எடுத்த சோனார் படங்களே, அதாவது நீருக்குள் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் வரையப்படும் படங்களே, அந்த அறிவிப்புக்கு முதல் ஆதாரம். படங்களில் நேர்கோடுகளும் செவ்வக வடிவங்களும் தெரிந்தன; அவை கட்டட அடித்தளங்கள் என்று ஒரு சாரார் கூறினர். இயற்கையாக அமைந்த பாறைப் பிளவுகளும் மணல் மேடுகளும், கருவியே படத்தில் விட்டுச்செல்லும் கோடுகளும் அப்படித் தோன்றக்கூடும் என்று புவியியலாளரும் தொல்லியலாளரும் பலர் மறுத்தனர். நீரடி ஒலியியலில் வேலை செய்யும் எனக்கு, அந்த விவாதத்தில் நகரம் உண்டா இல்லையா என்பதைவிட வேறொரு கேள்விதான் முதன்மையாகப் படுகிறது: அந்தக் கடலடியில் வெறும் மணலும் பாறையும் மட்டுமே இருந்திருந்தால், அதே கருவி, அதே உயரத்தில், அதே வேகத்தில் சென்று எத்தகைய படத்தை எடுத்திருக்கும்?

இந்தக் கேள்விக்குக் கணக்கிட்டு விடை சொல்ல முடியும். கடலடியின் மேற்பரப்பையும், அதன்மேல் கிடக்கும் பொருளையும், சோனாரின் அலைவரிசையையும், அது செல்லும் பாதையையும் கணினியில் கொடுத்து, ஒலி எப்படிப் போய் எப்படித் திரும்பும் என்பதைக் கணித்து, இல்லாத கடலின் படத்தை உருவாக்குவதே சோனார் சிமுலேஷன். இன்று இதைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலோர், செயற்கை நுண்ணறிவு நிரல்களுக்குப் பயிற்சி கொடுக்கப் படங்கள் போதவில்லை என்பதால் பொய்ப்படங்களை உற்பத்தி செய்யும் வழியாகவே இதைக் காண்கிறார்கள். அந்தத் தேவை உண்மையானதுதான். கப்பல்களைத் தகர்க்கக் கடலில் இடப்படும் வெடிகளான கடற்கண்ணிகளின் சோனார் படங்களை எந்தக் கடற்படையும் எளிதில் வெளியிடுவதில்லை. ஆயினும் இதன் தலையாய பயன் வேறு என்பது என் உறுதியான எண்ணம். ஒரு படத்துக்கு நாம் ஒரு பொருள் சொல்லும் முன், வேறு எவையெல்லாம் அதே படத்தைத் தந்திருக்க முடியும் என்று சோதித்துப் பார்க்க நமக்குக் கிடைத்திருக்கும் வழி இது ஒன்றுதான்.

பக்கவாட்டுச் சோனார், அதாவது சைடு ஸ்கேன் சோனார், கப்பலுக்குப் பின்னால் கம்பிவடத்தில் இழுக்கப்பட்டோ ஆளில்லா நீர்மூழ்கியில் பொருத்தப்பட்டோ தரைக்குச் சில மீட்டர் உயரத்தில் செல்லும். இருபுறமும் விசிறிபோல் மெல்லிய ஒலிக்கற்றையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியின் வலிமையை நேர வரிசையில் பதிவு செய்யும். ஒரு துடிப்புக்கு ஒரு வரி; கருவி சற்று நகர்ந்ததும் அடுத்த துடிப்பு, அடுத்த வரி. கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் செல்வதால் நேரத்தைத் தொலைவாக மாற்றிக்கொள்ளலாம். ஆகவே இந்தப் படம் மேலிருந்து எடுத்த புகைப்படம் போலத் தோன்றினாலும் அது புகைப்படம் அன்று. ஒரு திசையில் தொலைவும் மறுதிசையில் பயணமும் கொண்ட வரைபடம்.

அதில் பொருளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நிழலே. ஒலி தாழ்ந்த கோணத்தில் வருவதால், தரையில் நிற்கும் எதுவும் தனக்குப் பின்னால் எதிரொலி வராத கரிய பகுதியை விட்டுச்செல்கிறது. சாயங்கால வெயிலில் பனைமரத்தின் நிழல் நீள்வது போலவே இதுவும் தொலைவுக்கேற்ப நீளும். சோனார் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் செல்கிறது, ஒரு மீட்டர் உயரமுள்ள பொருள் ஒன்று கிடக்கிறது என்று கொள்வோம். கருவியின் பாதையிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் நிழல் 2 மீட்டர். 45 மீட்டர் தள்ளி இருந்தால் 5 மீட்டர். 90 மீட்டர் தள்ளி இருந்தால் 10 மீட்டர். சோனாரை 20 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால், 45 மீட்டர் தொலைவில் 5 மீட்டராக இருந்த நிழல் இரண்டரை மீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும். பொருளின் உயரம், கருவியின் உயரம், தொலைவு, நிழலின் நீளம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. மூன்று தெரிந்தால் நான்காவது தானாக வந்துவிடும்.

இந்தப் பிணைப்பை மறந்துவிட்டுச் செய்யப்படும் வேலைகள் மிகுதி. பூனைப் படங்களுக்குச் செய்வது போல, சோனார் படத்தைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பி, ஒன்றைப் பத்தாக்கிப் பயிற்சிக்குக் கொடுக்கிறார்கள். கப்பல் சென்ற திசையில் படத்தை முன்பின்னாக மாற்றுவதில் தவறில்லை. ஆனால் தொலைவுத் திசையில் திருப்பிவிட்டால் நிழல் சோனாரை நோக்கி விழும்; உலகின் எந்தக் கடலிலும் அப்படி ஒரு படம் கிடைக்காது. பொருளையும் அதன் நிழலையும் வெட்டியெடுத்து வேறொரு தொலைவில் ஒட்டுவதும் இப்படித்தான்: நிழலின் நீளம் மாறவில்லை என்றால் பொருளின் உயரம் மாறிவிட்டது என்று பொருள். படங்களைப் பார்த்தே படங்களை உருவாக்கக் கற்றுக்கொண்ட நரம்பு வலைப்பின்னல்களிலும் இதே குறை உண்டு. அவை தரும் மணல் பரப்பும் புள்ளிக் கலங்கலும் கண்ணுக்கு மிக இயல்பாக இருக்கும். நிழலை அளந்து பார்த்தால்தான், அந்தப் பொருள் எந்த உயரத்தில் சென்ற எந்தச் சோனாருக்கும் பொருந்தாதது என்பது புலப்படும்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். இத்தாலியில் வடிவமைக்கப்பட்ட மான்டா என்னும் கடற்கண்ணி, தலை வெட்டிய கூம்பு வடிவம் கொண்டது. ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டமும் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரமும் உடையது. 10 மீட்டர் உயரத்தில் செல்லும் சோனாருக்கு 45 மீட்டர் தள்ளி அது கிடந்தால் நிழல் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும். நீரோட்டம் சுற்றியுள்ள மணலை அரித்து, பொருள் மெல்லத் தாழ்ந்து, 20 சென்டிமீட்டர் மட்டுமே வெளியே தெரியும் நிலை வந்தால் நிழல் ஒரு மீட்டருக்கும் குறைந்துவிடும். அந்த அளவு நிழல் தரும் கற்கள் எந்தக் கடலடியிலும் ஏராளம். அச்சடித்தது போன்ற தட்டைத் தரையில் முழுப் பொருளையும் வைத்து ஆயிரக்கணக்கில் உருவாக்கப்படும் படங்களால் பெரிய பயன் இல்லை என்று நான் கருதுவது இதனால்தான். பாதி புதைந்த பொருளும் அதைச் சுற்றிய அரிப்புக் குழியும் படத்தில் வந்தாக வேண்டும்.

நிழலுக்கு அடுத்தது தரையின் ஒளிர்வு. தரையிலிருந்து எவ்வளவு ஒலி திரும்பி வரும் என்பதற்கு மிக எளிய விதி லாம்பர்ட் விதி: ஒலி தரையைத் தொடும் கோணத்தின் சைன் மதிப்பின் வர்க்கத்துக்கு ஏற்ப எதிரொலி அமையும். தரை எவ்வளவு வலிமையாக ஒலியைத் திருப்புகிறது என்பதற்கு மெக்கன்சி என்ற ஆய்வாளர் 1961இல் தந்த மைனஸ் 27 டெசிபெல் (ஒலி வலிமையின் அலகு) என்ற மாறிலியை இன்றும் பலர் அப்படியே எடுத்தாள்கிறார்கள். இந்த விதிப்படி கோணம் 30 பாகையிலிருந்து 10 பாகைக்குக் குறையும்போது எதிரொலி ஏறக்குறைய 9 டெசிபெல் தாழும். தொடங்குவதற்கு இது போதும். ஆனால் மணலில் அலைகள் வரைந்த வரிகள் இருந்தால், ஒவ்வொரு வரியின் முன்சரிவும் பளிச்சிட்டுப் பின்சரிவு இருளும். அந்த வரிகளுக்குக் குறுக்கே சென்றால் ஒரு படமும், நெடுக்கே சென்றால் முற்றிலும் வேறொரு படமும் கிடைக்கும். ஆகவே தரையின் வடிவத்தையும் முப்பரிமாணத்தில் கொடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, படம் முழுவதும் பரவியிருக்கும் புள்ளிக் கலங்கல். ஒரு படப்புள்ளிக்குள் அடங்கும் தரையில் எண்ணற்ற மணல் துகள்களும் சிப்பித் துண்டுகளும் உள்ளன. அவற்றின் எதிரொலிகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் அழித்தும் வருவதால் அருகருகே உள்ள புள்ளிகள் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கியும் தெரிகின்றன. இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ரேலே பரவல் என்னும் புள்ளியியல் வாய்பாட்டைப் பின்பற்றும். 1990களில் ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில், ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து கணினி வரைகலை செய்யும் முறையை ஒலிக்கு மாற்றி, பக்கவாட்டுச் சோனார் படங்களை உருவாக்கிக் காட்டினார்கள். நிழல், மணல் வரி, கருவியின் ஆட்டம் ஆகியவற்றைக் காட்ட அந்த முறை இன்றும் சிறந்தது என்பேன். அதில் படத்தின் வலிமை மட்டுமே நேரடியாகக் கிடைக்கும்; கலங்கலை இறுதியில் ஒரு பரவலிலிருந்து எடுத்துப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

சின்தெடிக் அபர்ச்சர் சோனாருக்கு அது போதாது. இந்தக் கருவி பல துடிப்புகளின் எதிரொலிகளை, அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் உள்ளது என்பதையும் கணக்கில் கொண்டு கூட்டி, தொலைவு எவ்வளவானாலும் மாறாத நுணுக்கத்தோடு படம் தருவது. இத்தாலியின் லா ஸ்பெசியாவில் உள்ள நேட்டோ ஆய்வு மையத்தின் மஸ்கிள் என்னும் ஆளில்லா நீர்மூழ்கி, 300 கிலோஹெர்ட்ஸ் அளவில் இயங்கிச் சில சென்டிமீட்டர் நுணுக்கத்தில் படமெடுக்கிறது. இதற்கு, படத்தை நேராக வரையாமல் ஒவ்வொரு ஒலிவாங்கிக்கும் வந்துசேரும் அலையையே உருவாக்கி, பிறகு உண்மையான கருவி செய்வது போலவே அதைப் படமாக மாற்ற வேண்டும். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வகம் முதலிய இடங்களில், தரையை எண்ணற்ற சிதறற் புள்ளிகளாகக் கொண்டு இதைச் செய்கிறார்கள். ஐம்பது மீட்டருக்கு ஐம்பது மீட்டர் பரப்பை இரண்டரை சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 40 லட்சம் கட்டங்கள். கலங்கல் இயல்பாக அமையக் கட்டத்துக்குப் பத்துப் புள்ளிகள் வைத்தால் 4 கோடிப் புள்ளிகள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொரு ஒலிவாங்கிக்கும் அத்தனையையும் கூட்ட வேண்டும். வரைகலை அட்டைகள் இல்லாமல் இந்த வேலையை நினைத்துப் பார்ப்பதே கடினம். ஆனால் கலங்கலும், நிழல் விளிம்பின் மங்கலும், நீர்மூழ்கி சற்றே தடம் பிறழ்ந்தால் படம் கலைவதும் யாரும் சேர்க்காமலே தாமாக வந்துவிடுகின்றன.

இப்போது காம்பே படங்களின் கேள்விக்கு வரலாம். இந்தியாவிலேயே மிக உயர்ந்த ஓதம் ஏறி இறங்கும் இடங்களில் அந்த வளைகுடா ஒன்று. நீரோட்டம் கடுமை, நீர் கலங்கல், அடியில் ஓயாமல் நகரும் மணல் திட்டுகள். அத்தகைய நீரில் கருவி ஆடாமல் அசையாமல் செல்ல முடியாது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே கருவி சாய்ந்தால், ஒரு வரி முழுவதும் மங்கும் அல்லது பளிச்சிடும். அது கப்பலின் பாதைக்குச் செங்குத்தான நேர்கோடு. கடலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலி, கருவியின் ஆழத்துக்குச் சமமான தொலைவில் எல்லா வரிகளிலும் விழும். அது பாதைக்கு இணையான நேர்கோடு. இந்த இரண்டு வகைக் கோடுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் செங்கோணங்களும் செவ்வகங்களும் கிடைக்கும். வெறும் மணல் திட்டுகளைக் கணினியில் பரப்பி, கருவிக்குச் சிறிய ஆட்டத்தைக் கொடுத்து, கடல் மேற்பரப்பையும் சேர்த்து ஓட்டினால் இத்தகைய கட்டங்கள் தோன்றுவதை எவரும் காணலாம். காம்பே படங்களில் தெரிந்தவை அனைத்தும் இவையே என்று இதைக்கொண்டு நான் வாதிடவில்லை. உண்மையான சுவரையும் கருவி வரைந்த கோட்டையும் பிரித்தறியும் சோதனை எது என்பதை இந்தப் பயிற்சி காட்டுகிறது: அதே இடத்தின் மேல் வேறு திசையில் ஒருமுறை சென்று வர வேண்டும். சுவர் என்றால் அது கடலடியில் கிடக்கும் திசை மாறாது. கருவியின் கோடு என்றால் கப்பலோடு சேர்ந்து திரும்பிவிடும். கடலடித் தொல்லியல் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், எத்தனை திசைகளிலிருந்து படம் எடுத்தார்கள் என்பதையே நான் முதலில் தேடுகிறேன்.

தரைக்குமேல் கிடப்பவற்றோடு கதை முடிவதில்லை. ஜெர்மனியின் வட கடல், பால்டிக் கடல் பகுதிகளில் மட்டும், உலகப் போர்களின்போதும் அவற்றுக்குப் பின்பும் கடலில் வீசப்பட்ட வெடிபொருள்கள் ஏறக்குறைய 16 லட்சம் டன் கிடக்கின்றன என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. காற்றாலைகளும் குழாய்களும் வடங்களும் போடப்படும் அந்தக் கடலடியில், அவற்றில் பல மண்ணுக்குள் புதைந்துள்ளன. இனியதொரு எடுத்துக்காட்டும் உண்டு: 1545இல் இங்கிலாந்தின் சோலன்ட் நீரிணையில் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பல், 1967, 1968 ஆண்டுகளில் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹரல்டு எட்ஜர்ட்டனின் சோனார் கருவிகளின் துணையோடு வண்டலுக்கு அடியில் தேடப்பட்டது; 1982இல் அதன் உடற்பகுதி மேலே தூக்கப்பட்டது.

புதைந்த பொருள் என்றதும் மேலே சொன்ன எளிய கணக்குகள் பல உடைந்துவிடுகின்றன. மணலில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1700 மீட்டர். வேகம் கூடிய ஊடகத்துக்குள் ஒலி நுழைய வேண்டுமானால், அது தரையைத் தொடும் கோணம் ஒரு வரம்புக்கு மேல் இருக்க வேண்டும். இந்த வேகங்களுக்கு அது 28 பாகை. 10 மீட்டர் உயரத்தில் செல்லும் சோனாருக்கு, பாதையிலிருந்து ஏறக்குறைய 19 மீட்டருக்கு அப்பால் கோணம் அதைவிடக் குறைந்துவிடும். நூறு மீட்டர் அகலத்துக்குத் தரையை அழகாகக் காட்டும் கருவிக்கும், மணலுக்கு அடியில் பார்க்கக் கிடைப்பது அந்தக் குறுகிய பட்டை மட்டுமே. அந்த வரம்புக்குக் கீழும் ஓரளவு ஒலி உள்ளே போகத்தான் செய்கிறது. மணல் வரிகள் அதைக் கோணம் திருப்பி உள்ளே அனுப்புகின்றன. புளோரிடா கரையோரம் 1999இல் நடந்த சாக்ஸ்-99 என்னும் கடற்சோதனையில் ஆராயப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. ஆகவே மேற்பரப்பை வழவழப்பாக வைத்துவிட்டு, புதைந்த பொருள் தெரியவில்லை என்று சிமுலேஷன் சொன்னால் அந்த விடையை நம்பக்கூடாது.

உள்ளே போன ஒலி வேகமாக மங்கவும் செய்யும். மணலில் ஒரு மீட்டருக்கு, ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு, ஏறக்குறைய அரை டெசிபெல் இழப்பு என்பது நடைமுறைக் கணக்கு. 20 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள பொருளுக்கு நேர் கீழாகப் போய்த் திரும்பினாலும் 100 கிலோஹெர்ட்ஸில் 20 டெசிபெல் போய்விடும். 10 கிலோஹெர்ட்ஸில் போவது 2 டெசிபெல்தான். எனவே புதைந்தவற்றைத் தேடத் தாழ்ந்த அலைவரிசை வேண்டும். 10 கிலோஹெர்ட்ஸில் நீரில் அலைநீளம் 15 சென்டிமீட்டர். பொருளின் வடிவம் கூர்மையாகத் தெரியாது, நிழலும் பெரும்பாலும் கிடைக்காது.

அதற்கு ஈடாக வேறொன்று கிடைக்கிறது, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே. தாழ்ந்த அலைவரிசையில் உலோகப் பொருள் வெறுமனே ஒலியைத் திருப்பி அனுப்புவதில்லை. ஒலி அதன் ஓட்டுக்குள் புகுந்து, சுற்றி ஓடி, சற்றுத் தாமதித்து மீண்டும் நீருக்குள் கசிகிறது. தாமதம் என்பது சோனார் படத்தில் தொலைவாகவே பதிவாகும் என்பதால், எஃகு உருளை ஒன்றின் படத்தில் அதன் முதல் எதிரொலிக்குப் பின்னால், பொருளே இல்லாத இடத்தில், மங்கலான கீற்றுகள் அடுத்தடுத்துத் தோன்றும். அதே அளவுள்ள பாறை அத்தகைய கீற்றுகளைத் தராது. கதிர்களைப் பின்தொடரும் எளிய நிரலில் இவை ஒருபோதும் வரமாட்டா. பொருளைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து அதன் அதிர்வைக் கணிக்க வேண்டும். முழுக் கடலடிக்கும் அதைச் செய்வது இயலாத காரியம். ஆகவே வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வகத்தார், பொருளின் அதிர்வைத் தனியாக ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டு, நேராகப் போய் நேராக வரும் பாதை, போகும்போது தரையில் பட்டுச் செல்வது, வரும்போது பட்டு வருவது, இருமுறையும் படுவது என்ற நான்கு பாதைகளோடு அதை இணைத்துவிடுகிறார்கள். தரைமேல் கிடக்கும் பொருளுக்கு இந்தச் சிக்கனமான வழி வியப்பூட்டும் அளவுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

நேர் கீழாக ஒலி அனுப்பி அடுக்குகளைக் காட்டும் கருவிகளின் படமும் தனியாகக் கற்க வேண்டியது. 10 மீட்டர் கீழே உள்ள புதைந்த குழாய் ஒன்றைக் கருவி நெருங்கும்போது, 10 மீட்டர் தள்ளி இருக்கையில் அதன் எதிரொலி 14 மீட்டர் தொலைவிலிருந்து வரும். நேர் மேலே வந்ததும் 10 ஆகும். கடந்து போகையில் மீண்டும் கூடும். ஆகவே புள்ளியாக இருக்கும் குழாய், படத்தில் கவிழ்ந்த வளைவாகத் தெரிகிறது. ஒற்றைக் கற்பாறையும் அதே வளைவையே தரும். வளைவைப் பார்த்து மண்ணுக்கடியில் குவிமாடம் என்று எழுதுவதற்கு முன், ஒரு கல்லைப் புதைத்துக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது.

இவ்வளவும் செய்த பிறகு, உருவாக்கிய படத்தை எதனோடு ஒப்பிடுவது? கண்ணுக்கு ஒத்திருக்கிறது என்பது விடையாகாது. என்ன பொருளை, எங்கே, எந்த ஆழத்தில் வைத்தோம் என்று தெரிந்திருக்கும் உண்மையான கடலடி வேண்டும். 2013இல் புளோரிடாவின் பனாமா சிட்டி அருகே நடந்த ட்ரெக்ஸ்-13 சோதனையில் அறிந்த பொருள்களைத் தரையில் வைத்து அளந்ததன் மதிப்பு இதனால்தான் இவ்வளவு பெரியது. அங்கே தரை பெரும்பாலும் மணல். நம் மேற்குக் கரையில், மும்பைக்கும் கோவாவுக்கும் அப்பால் உள்ள உட்கடலில், சேற்றுக்குள் வாயுக் குமிழிகள் அடைபட்ட பகுதிகள் உள்ளன. சேற்றில் ஒலி எளிதாக நுழையும், இழப்பும் மணலைவிடக் குறைவு. ஆனால் சிறிதளவு வாயு இருந்தால்கூட அது ஒலியைச் சிதறடித்து, தனக்குக் கீழே உள்ள அனைத்தையும் மறைத்துவிடும். நிரலில் அத்தகைய ஓர் அடுக்கைச் சேர்த்துவிட்டு அதன் அடியில் இரும்புக் குழாயை வைத்தால், அலைவரிசையை எப்படி மாற்றினாலும் குழாய் படத்தில் வருவதில்லை. அங்கே இரும்பைத் தேட, காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானிதான் உதவும். சோனார் அளவைக்குப் பணமும் நாளும் ஒதுக்க வேண்டாம் என்பதை, கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதே இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.